31 வாரம், சுகரோட பிபியும் சேர்ந்திருக்கு: அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

ஈசூன்_கதிர்
செவ்வாய், இரவு 11.52

வணக்கம். ரொம்ப நாளா இங்க வாசிச்சுட்டு மட்டும் போறவன். இன்னிக்கு எழுத வேண்டிய நிலைமை.

சிங்கப்பூர்ல இருக்கோம். மனைவிக்கு வயசு 34, முதல் கர்ப்பம், இப்போ 31 வாரம். 26ஆவது வாரத்துல குளுகோஸ் தண்ணி டெஸ்ட் எடுத்தப்ப வெறும் வயித்துல 5.6 (இங்க மில்லிமோல் கணக்கு), ரெண்டு மணி நேரம் கழிச்சு 9.4. சாப்பாட்டை மாத்தினோம். காலை சுகர் மட்டும் இறங்காததால ராத்திரி இன்சுலின் ஆரம்பிச்சாங்க, நல்லா கட்டுக்குள்ள வந்துச்சு. நேத்து வழக்கமான செக்கப்ல பிபி 164/112. கால் மணி நேரம் கழிச்சு மறுபடி பார்த்தாங்க, அதேதான். சிறுநீர்ல புரதம் இருக்கு. வீட்டுக்கே அனுப்பல, நேரா வார்டு. சிவியர் ப்ரீஎக்ளாம்ப்சியாவாம், கர்ப்பத்துல பிபி ஏறி உறுப்புகளைக் கெடுக்கிற நோயாம்.

குழந்தையோட நுரையீரலுக்குன்னு ஸ்டீராய்டு ஊசி போட்டாங்க. இன்னிக்கு சாயங்காலம் சுகர் 13! இத்தனை வாரமா பொத்திப் பொத்திப் பார்த்தது ஒரே நாள்ல போச்சு. முடிஞ்சா 34 வாரம் வரை பார்ப்போம், முடியலன்னா அதுக்கு முன்னாடியே எடுத்துடுவோம்னு டாக்டர் சொல்றார்.

எனக்குப் புரியாதது இதுதான். சுகர் இருந்ததாலதான் பிபி வந்துச்சா? சுகர் இருக்கிறவங்களுக்கு ஸ்டீராய்டு எதுக்கு? மாத்திரையில பிபி இறங்கிட்டா, 40 வாரம் வரை விடக் கூடாதா? வார்டுல அவசரமா சொன்னாங்க, தலையாட்டிட்டு வந்துட்டேன். ஊர்ல இருந்து அம்மா போன்ல, "சோத்தை நிறுத்தினீங்களே, அதான் பிள்ளைக்குச் சத்தில்லாம பிபி ஏறிப்போச்சு"ங்கிறாங்க. மனைவி அதைக் கேட்டுட்டு அழுதுட்டு இருக்கா.

வார்டு_மல்லிகை
புதன், காலை 6.10

நைட் டூட்டி முடிச்சுட்டு பஸ்ல உக்காந்து எழுதுறேன், பிழை இருந்தா மன்னிக்கவும். பிரசவ வார்டு நர்ஸ்.

கதிர் அண்ணா, முதல்ல அந்த 13. அது உங்க மனைவி சாப்பிட்டதால வந்தது இல்ல. டெக்ஸாமெத்தசோனோ பீட்டாமெத்தசோனோ எதைப் போட்டாலும், முதல் ஊசிக்கு அரை நாள் கழிச்சு சுகர் ஏற ஆரம்பிக்கும், அஞ்சு நாள் வரைக்கும் கூட ஏறியே இருக்கும். எல்லாருக்கும் ஏறும், சுகர் இருக்கிறவங்களுக்குக் கூடுதலா ஏறும். அது தெரிஞ்சேதான் போடுறாங்க. குறைமாசத்துல பிறக்கிற பிள்ளையோட நுரையீரல் விரியறதுக்கு அந்த ஊசி அவ்வளவு முக்கியம். மூளையில ரத்தக்கசிவு ஆபத்தையும் குறைக்கும்.

இந்த நாட்கள்ல இன்சுலின் அளவைக் கூட்டுவாங்க, தேவைப்பட்டா டிரிப்ல ஏத்தி மணிக்கு ஒரு தடவை விரல்ல குத்திப் பார்ப்பாங்க. பயந்துட்டு அவங்களா சாப்பாட்டைக் குறைக்க வேணாம், அதை மட்டும் கண்டிப்பா சொல்லுங்க. ஸ்டீராய்டு வேகம் அடங்கும்போது இன்சுலினையும் இறக்கணும். அந்த நேரத்துல சாப்பிடாம கிடந்தா சுகர் டக்குனு கீழ போயிடும்.

பிபிக்கு லெபெட்டலால் கொடுக்கிறாங்களான்னு கேட்டுப் பாருங்க. அது சுகர் இறங்கும்போது வர்ற படபடப்பு, கை நடுக்கத்தை மறைச்சுடும். வியர்வை மட்டும் வரும். "சும்மா வேர்க்குது, ஏசி பத்தல"ன்னு அவங்க சொன்னா உடனே நர்ஸைக் கூப்பிட்டு சுகர் பாருங்க.

தேக்கா_அத்தை
புதன், காலை 8.31

தம்பி, கலங்காதீங்க. நான் மூணு பெத்தவ, மூணு பேரப்பிள்ளைங்க இருக்கு. மாசமா இருக்கிற பொண்ணுக்குக் காலு வீங்குறதும் பிரெஷர் ஏறுறதும் உள்ளதுதான். உடம்புல நீர் கட்டியிருக்கு. பார்லியை வறுத்துக் கஞ்சி வச்சு நிறையக் குடிக்கச் சொல்லுங்க, நீரெல்லாம் இறங்கிடும். உப்பைச் சுத்தமா நிறுத்துங்க. எங்க காலத்துல இந்த டெஸ்டெல்லாம் ஏது?

செங்காங்_நீலா
புதன், காலை 9.05

அத்தை, கோவிச்சுக்காதீங்க. சாதாரணக் கால் வீக்கத்துக்கு நீங்க சொல்றது சரியா இருக்கலாம். இது வேற.

எனக்கு ரெண்டாவது பிள்ளைக்கு வந்தது. 33 வாரம். ராத்திரி நெஞ்சுக்குழிக்குக் கீழ, வலது பக்க விலாவுக்கு அடியில ஒரு வலி. வீட்டுல எல்லாரும் வாயுன்னுட்டாங்க. ஓமத் தண்ணி கொடுத்தாங்க, பெருங்காயத்தை மோர்ல கரைச்சுக் கொடுத்தாங்க. எதிர் வீட்டு மலாய் அம்மா பழைய மருத்துவச்சி. அவங்கதான் என் முகத்தைப் பார்த்துட்டு, "இது வயித்து வலி இல்ல, இப்பவே போ"ன்னு டாக்ஸி பிடிச்சு ஏத்திவிட்டாங்க. போனா, ஈரல் என்சைம் எங்கயோ நிக்குது, ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் 68 ஆயிரம்தான். ஹெல்ப் (HELLP) சிண்ட்ரோம்னாங்க, ப்ரீஎக்ளாம்ப்சியாவோட கடுமையான வடிவம். பிளேட்லெட் அவ்வளவு குறைவா இருந்ததால முதுகுல ஊசி போட முடியாது, முழு மயக்கத்துலதான் ஆபரேஷன். கண் முழிச்சப்ப பிள்ளை என்ஐசியூல (பச்சிளம் பிள்ளைங்களுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு).

அந்தப் பிள்ளைக்கு இப்போ தொடக்கநிலை இரண்டு. வாயாடி. கதிர், உங்க மனைவி ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்குள்ள இருக்காங்க, அதுவே பெரிய நல்லது. தலைவலி, கண்ணுல பூச்சி பறக்கிறது, அந்த விலா வலி, மூச்சு முட்டுறது இதுல எது வந்தாலும், "தொந்தரவு பண்ண வேணாம்"னு பொறுத்துக்காம மணியடிக்கச் சொல்லுங்க. நம்ம பொண்ணுங்க வலியைப் பொறுத்துக்கிட்டே பழகிட்டாங்க.

ஓய்வு_ஸ்டெத்
புதன், பிற்பகல் 1.20

மகப்பேறு மருத்துவனாக இருந்து ஓய்வு பெற்றவன். நோயாளியைப் பார்க்காமல் சிகிச்சை சொல்ல மாட்டேன், அவர்களைப் பார்க்கும் குழுவின் முடிவே முடிவு. பின்னணியை மட்டும் விளக்குகிறேன்.

சுகரால் பிபி வந்ததா என்றால், நேரடியாக இல்லை. இரண்டும் நஞ்சுக்கொடியோடு தொடர்புள்ளவை, ஆனால் வழி வேறு. நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கின்றன. கணையம் ஈடுகொடுத்து அதிகம் சுரந்தால் ஒன்றும் தெரியாது, முடியாதபோது கர்ப்பகால நீரிழிவு. இங்கே இது சர்வ சாதாரணம். 2009இல் கேகே மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் தொடங்கிய 'கஸ்டோ' ஆய்வில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு கர்ப்பிணிக்கு இருந்தது.

ப்ரீஎக்ளாம்ப்சியாவின் விதை அதற்கு வெகு முன்பே விழுந்துவிடுகிறது. முதல் சில மாதங்களில் கருப்பையின் சுருள் தமனிகள் அகலமாக விரிய வேண்டும். சிலருக்குச் சரியாக விரிவதில்லை. புளோக்கின் கீழ்த்தளத்தில் குழாய் ஒடுங்கியிருந்தால் மேல்மாடிக்கு நீரேற்றப் பம்பு திணறுவது போன்ற நிலை. ரத்தம் போதாமல் தவிக்கும் நஞ்சுக்கொடி சில புரதங்களைத் தாயின் ரத்தத்தில் கலக்கிறது. அவை உடல் முழுவதும் ரத்தக்குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கின்றன. பிபி ஏறுவதும் சிறுநீரில் புரதம் இறங்குவதும் ஈரலும் பிளேட்லெட்டும் பாதிக்கப்படுவதும் இதனால்தான். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது வரும் வாய்ப்பு கூடுதல். வயது, உடல் எடை, முதல் கர்ப்பம், இரட்டைக் கரு ஆகியவையும் வாய்ப்பைக் கூட்டும். சோறு தின்றதாலும் வராது, தின்னாததாலும் வராது. கதிர், இதை உங்கள் அம்மாவிடம் நீங்களே சொல்ல வேண்டும், மனைவியைச் சொல்ல விடாதீர்கள்.

அடுத்து 40 வாரக் கேள்வி. பிபி மாத்திரை தாயின் மூளையில் ரத்தக்குழாய் வெடிக்காமல் காக்கிறது. நோய் உள்ளே தன்பாட்டில் போய்க்கொண்டே இருக்கும். நஞ்சுக்கொடி வெளியே வருவது ஒன்றுதான் தீர்வு. அதுவரை செய்வதெல்லாம் குழந்தைக்காக நாள் வாங்குவது. அந்த நாளுக்கான விலையைத் தாயின் உடல்தான் தருகிறது. கடுமையான அறிகுறிகள் இருந்தால் 34 வாரத்துக்கு மேல் அந்த விலை கட்டுபடியாகாது என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட கணக்கு. கடுமை இல்லாதவர்களுக்கு 37. பிபி மருந்துக்கு அடங்காவிட்டால், பிளேட்லெட் சரிந்தால், நுரையீரலில் நீர் கோத்தால், வலிப்பு வந்தால், நஞ்சுக்கொடி பிரிந்தால், குழந்தையின் டாப்ளர் ஸ்கேன் (ரத்த ஓட்டத்தைக் காட்டுவது) மோசமானால் 34 வரைகூடக் காத்திருக்க மாட்டார்கள். பிபியை ஒரேயடியாக 110, 120க்கு இறக்கவும் மாட்டார்கள், குழந்தைக்குப் போகும் ரத்தம் குறைந்துவிடும்.

இரண்டும் சேர்ந்த கர்ப்பத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. நீரிழிவு குழந்தையைப் பெரிதாக்கப் பார்க்கும், ப்ரீஎக்ளாம்ப்சியா சிறிதாக்கப் பார்க்கும். ஸ்கேனில் 'சராசரி எடை' என்று வந்ததும் நிம்மதியாகிவிடக் கூடாது. வளர வேண்டிய அளவு வளராத குழந்தையாகவும் அது இருக்கலாம். அதனால்தான் எடையோடு நிற்காமல் தொப்புள்கொடி ரத்த ஓட்டத்தையும் பார்க்கிறார்கள். இன்னொன்று: காரணமில்லாமல் இன்சுலின் தேவை திடீரெனக் குறைந்து சுகர் தாழ்ந்துகொண்டே போனால் "சுகர் நல்லாகிவிட்டது" என்று மகிழாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். நஞ்சுக்கொடி தளர்கிறதா என்று பார்க்க அது ஒரு காரணம்.

தேக்கா அத்தைக்கு: பார்லியின் மீது எனக்குப் பகையில்லை. ஆனால் இந்த நோயில் ரத்தக்குழாய்கள் ஒழுகுகின்றன. அதிகமாகப் போகும் நீர் நுரையீரலில் போய் நிற்கும். கடுமையான நிலையில், குறிப்பாகப் பிரசவத்தை ஒட்டி, டிரிப்பும் குடிப்பதுமாகச் சேர்த்தே மணிக்கு 80 மில்லி போல அளந்து கொடுப்பார்கள். பாட்டில் பாட்டிலாகக் கஞ்சி கொண்டுபோனால் நர்ஸ் பிடுங்கி வைப்பார். உப்பைச் சுத்தமாக நிறுத்தியும் பயனில்லை.

கீட்டோ_குமார்
புதன், மாலை 5.44

எல்லாரும் மருந்துக் கம்பெனிக்கு ஜால்ரா. மாவுச்சத்தை முழுசா நிறுத்தியிருந்தா இன்சுலினே வேண்டியிருக்காது. முட்டை, கறி, நெய் மட்டும். என் சுகர் மூணு மாசத்துல நார்மல்.

தட்டு_தேவி
புதன், மாலை 6.30

குமார், உங்களுக்குக் கர்ப்பப்பை இல்லை.

உணவியல் நிபுணரா வேலை பார்க்கிறேன், அதனால இதுக்கு விரிவா பதில் சொல்லியே ஆகணும். இந்த மாதிரி எழுதினதை வாசிச்சுட்டு பட்டினி கிடந்து, சிறுநீர்ல கீட்டோன் (உடம்பு கொழுப்பை எரிக்கிறப்ப வர்றது) கொட்ட வந்து நிக்கிற பொண்ணுங்களைப் பார்த்திருக்கேன். கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்குக் குறைஞ்சது 175 கிராம் மாவுச்சத்து வேணும்னு பொதுவா வகுத்திருக்காங்க. அதை ஒரே தட்டுல கொட்டாம மூணு வேளை, ரெண்டு மூணு சிறுதீனின்னு பிரிக்கிறதுதான் எங்க வேலையே. உணவுக்கு முன்னாடி 5.3, 5.5க்குள்ள, ரெண்டு மணி நேரம் கழிச்சு 6.7க்குள்ளன்னு இலக்கு கொடுப்பாங்க. மருத்துவமனைக்கு மருத்துவமனை கொஞ்சம் மாறும்.

கதிர் கேட்காட்டியும், இதை வாசிக்கிற மத்தவங்களுக்காகச் சொல்றேன். நம்மாளுங்க பெரும்பாலும் தடுக்கி விழற இடம் காலைச் சாப்பாடு. காலையில உடம்பே இன்சுலினை மதிக்காது. மத்தியானம் ஒரு கப் சோறு தாங்குறவங்களுக்குக் காலையில ரெண்டு இட்லிக்கே ஏறும். கோப்பிக்கடையில ரெண்டு பிராட்டாவும் தே தாரிக்கும் வாங்கினா கேட்கவே வேணாம், கெட்டிப் பால் சர்க்கரை அப்படியே ஏறும். ஒரு தோசை, பக்கத்துல முட்டையோ கொண்டைக்கடலையோ, தண்ணிச் சாம்பாரா இல்லாம பருப்பும் காயும் இருக்கிற சாம்பார், தே-ஓ கொசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத டீ). இப்படி மாத்தினவங்களுக்கு மீட்டர்லயே வித்தியாசம் தெரியும். 'சத்து'ன்னு மைலோ குடிக்கிறதை நிறுத்துங்க. டின்னுல ஏ, பி, சி, டின்னு நியூட்ரி-கிரேட் (சர்க்கரை, கொழுப்பு அளவுக்கான தரக்குறி) போட்டிருக்கிறதைப் பாருங்க. கடையில விக்கிற பார்லித் தண்ணி, கரும்புச் சாறு ரெண்டும் சர்க்கரைத் தண்ணிதான் (அத்தை, இது உங்களுக்கில்ல!). ஓட்ஸ்னா பயமில்லைன்னு பாக்கெட் ஓட்ஸைக் கூழாக் கரைச்சுக் குடிக்கிறாங்க, அதுக்குச் சோறே தேவலாம்.

ஆனா ஒண்ணு. சாப்பிட்டு அரை மணி நேரம் நடங்கன்னு சுகர் இருக்கிறவங்களுக்கு நாங்க சொல்றது, கதிர் மனைவி நிலைமைக்குப் பொருந்தாது. அவங்க வார்டுல சொல்றபடிதான் இருக்கணும்.

கீட்டோ_குமார்
புதன், மாலை 6.41

சரி விடுங்க.

ஈசூன்_கதிர்
வியாழன், இரவு 10.15

எல்லாருக்கும் நன்றி. டாக்டர் ஐயா எழுதினதை அப்படியே அம்மாவுக்கு வாட்ஸ்அப்ல குரலா வாசிச்சு அனுப்பினேன். பதில் இல்ல. ஆனா இன்னிக்கு மருமகளைக் கூப்பிட்டு அரை மணி நேரம் வேற கதை பேசியிருக்காங்க.

நேத்து நைட் தலைவலி வந்துச்சு, நீலா அக்கா சொன்னது ஞாபகம் வந்து உடனே மணியடிச்சோம். பிபி 170. மெக்னீசியம் டிரிப் ஆரம்பிச்சுட்டாங்க. உடம்பெல்லாம் நெருப்பா எரியுதுங்கிறா. நர்ஸ் வந்து வந்து முட்டியில சுத்தியால தட்டிட்டுப் போறாங்க. மெக்னீசியம் போட்டும் பிபி பெருசா இறங்கலையே?

அப்புறம் கேட்கவே கூச்சமா இருக்கு, செலவு. நான் இபி (வேலை அனுமதி), அவ டிபெண்டன்ட் பாஸ், ரெண்டு பேரும் வெளிநாட்டவங்க.

வார்டு_மல்லிகை
வியாழன், இரவு 10.48

மெக்னீசியம் பிபிக்கு இல்லண்ணா, வலிப்பு வராம இருக்கிறதுக்கு. முதல்ல 4 கிராம் மெதுவா ஏத்திட்டு, அப்புறம் மணிக்கு 1 கிராம். பிபிக்குத் தனி மருந்து ஓடும். அந்த எரிச்சல் முதல் டோஸ்ல நிறையப் பேருக்கு வரும், போகப் போக அடங்கும். முட்டியில தட்டுறது விளையாட்டில்ல. மெக்னீசியம் ரத்தத்துல கூடிட்டா முதல்ல போறது அந்த முட்டி உதறல்தான், அதுக்கு அப்புறம்தான் மூச்சு. அதனாலதான் முட்டி, மூச்சு எண்ணிக்கை, சிறுநீர் அளவு மூணையும் பார்த்துட்டே இருப்போம். கூடிட்டா முறிக்கிறதுக்குக் கால்சியம் குளுக்கோனேட் பக்கத்துலயே இருக்கும்.

ஓய்வு_ஸ்டெத்
வியாழன், இரவு 11.02

மல்லிகை சொன்னதற்குப் பின்னால் உறுதியான சான்று உண்டு. 2002இல் வெளிவந்த 'மேக்பை' ஆய்வு, 33 நாடுகள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள். மெக்னீசியம் பெற்றவர்களுக்கு வலிப்பு வரும் ஆபத்து பாதிக்கும் கீழே குறைந்தது. நான் பயிற்சிக்கு வந்த காலத்தில் வலிப்பு வந்த பின் டயஸெபாம் கொடுத்துக்கொண்டு ஓடுவோம். அந்த இரவுகளைப் பார்த்தவனுக்குத்தான் இந்த மலிவான உப்பின் அருமை தெரியும். குறைமாதக் குழந்தையின் மூளைக்கும் இதனால் பாதுகாப்பு உண்டு.

ஜூரோங்_கணக்கு
வெள்ளி, காலை 7.55

செலவுக் கேள்வி கேட்கக் கூச்சமே வேணாம், எல்லாரும் மனசுக்குள்ள கேட்கிறதுதான்.

குடிமக்கள், நிரந்தரவாசிகளுக்கு மெடிஷீல்டு லைஃப்னு அரசாங்க மருத்துவக் காப்புறுதி இருக்கு. 2019 ஏப்ரல்ல இருந்து எக்ளாம்ப்சியா (ப்ரீஎக்ளாம்ப்சியா முத்தி வலிப்பு வர்றது) மாதிரி கடுமையான பிரசவச் சிக்கலுக்கு ஆஸ்பத்திரியில தங்கி எடுக்கிற சிகிச்சையையும் அதுல சேர்த்தாங்க. மெடிசேவ்ங்கிற மருத்துவச் சேமிப்புக் கணக்குல இருந்தும் எடுக்கலாம். உங்களுக்கு ரெண்டும் இல்ல. கம்பெனிக் காப்புறுதிதான் வழி. பல பாலிசியில 'மகப்பேறு கிடையாது'ன்னு ஒரு வரி இருக்கும், அதைப் பார்த்துட்டு மூடிடாதீங்க. சிலதுல 'கர்ப்பச் சிக்கல்' தனியா இருக்கும். மனிதவளத் துறைகிட்ட முழுப் பாலிசியையும் கேட்டு வாங்குங்க. ஆஸ்பத்திரியில செலவு மதிப்பீடு கேளுங்க, குழந்தைக்குத் தனியா கேளுங்க. பெரிய தொகை தாயோடது இல்ல, என்ஐசியூதான். மருத்துவ சமூகப் பணியாளரைப் பார்க்கணும்னு இப்பவே சொல்லி வைங்க, தவணைக்கு வழி சொல்வாங்க. பில் வந்த பிறகு போனா அவங்களாலயும் பெருசா ஒண்ணும் செய்ய முடியாது.

பிறந்ததும் 42 நாளுக்குள்ள பிறப்பைப் பதியணும். என்ஐசியூ ஓட்டத்துல இதை மறந்துட்டுப் பின்னாடி அலையறவங்க நிறைய.

ஈசூன்_கதிர்
புதன், அதிகாலை 4.37

பொண்ணு!

33ஆவது வாரம். நேத்து சாயங்காலம் பிளேட்லெட் மளமளன்னு இறங்கிடுச்சு, பிபியும் அடங்கல. ராத்திரி ஆபரேஷன். ஒண்ணே முக்கால் கிலோ. அழுதா, கேட்டேன். இப்போ என்ஐசியூல மூக்குல சின்னக் குழாய். பிறந்தவுடனே அவளுக்குச் சுகர் ரொம்பக் குறைஞ்சு குளுகோஸ் ஏத்துறாங்க. அம்மாவுக்கு அதிகம், பிள்ளைக்குக் குறைவு, இது எப்படின்னே புரியல.

மனைவி கண் முழிச்சுட்டா. நஞ்சுக்கொடி வெளிய வந்தா சரியாகிடும்னு சொன்னாங்க, ஆனா மெக்னீசியம் இன்னும் ஓடுது, பிபி 150ல நிக்குது.

செங்காங்_நீலா
புதன், காலை 6.02

அய்யோ, வாழ்த்துகள் கதிர்! உங்க மனைவிகிட்ட பிள்ளையோட போட்டோ உடனே காட்டுங்க. நான் ரெண்டு நாளா பார்க்காம இருந்தேன், அதுதான் எல்லாத்தையும் விடப் பெரிய வலி.

தேக்கா_அத்தை
புதன், காலை 7.15

மகாலட்சுமி வந்துட்டா. வீரமாகாளியம்மனுக்கு வேண்டியிருக்கேன் தம்பி.

வார்டு_மல்லிகை
புதன், காலை 7.40

வாழ்த்துகள் அண்ணா! பிள்ளைக்குச் சுகர் குறையறதுக்குக் காரணம் இதுதான். உள்ள இருந்த வரைக்கும் அம்மாவோட சர்க்கரை நிறைய வந்துட்டே இருந்துச்சு, அதைச் சமாளிக்க அவளோட கணையம் இன்சுலினை அதிகமா சுரந்து பழகிடுச்சு. கொடியை வெட்டினதும் சர்க்கரை வரத்து நின்னுடும், இன்சுலின் உடனே நிக்காது. அதோட குறைமாசப் பிள்ளைக்குச் சேமிப்பும் கம்மி. பெரும்பாலும் ரெண்டு மூணு நாள்ல தேறிடும்.

மெக்னீசியம் பிறந்ததுல இருந்து 24 மணி நேரம் ஓடும். நோய் பிரசவத்தோட சட்டுனு நிக்காது. பிபி திரும்ப உச்சத்துக்கு ஏறுறதே மூணாம் நாள்ல இருந்து ஆறாம் நாளுக்குள்ளதான். வீட்டுக்குப் போற நேரம் அதுதான், ஆபத்தும் அங்கதான். வீடு போன பிறகு பயங்கரத் தலைவலி, கண் மங்கல், விலா வலி, மூச்சுத் திணறல் வந்தா நேரா 995. பிரசவமாகி வாரக்கணக்குக்கு அப்புறமும் வலிப்பு வந்தவங்க உண்டு. ஆம்புலன்ஸ்ல "பிள்ளை பெத்து இத்தனை நாள், ப்ரீஎக்ளாம்ப்சியா இருந்துச்சு"ன்னு முதல் வாக்கியமா சொல்லணும். சொல்லலன்னா வெறும் தலைவலின்னு ஒதுக்கிட வாய்ப்பிருக்கு.

இன்சுலினை நிறுத்தியிருப்பாங்களே? நஞ்சுக்கொடி போனதும் தேவை சரிஞ்சுடும். தையல் வலிக்கு வீட்டுல இருக்கிற மாத்திரையை நீங்களா கொடுக்காதீங்க, சில வலி மாத்திரை பிபியையும் சிறுநீரகத்தையும் படுத்தும், கேட்டுட்டுக் கொடுங்க. பால் கொஞ்சமா வந்தாலும் பிழிஞ்சு என்ஐசியூவுக்குக் கொடுங்க. லெபெட்டலால், நிஃபெடிபின், எனலாப்ரில் எடுத்துட்டே பால் கொடுக்கலாம். எனலாப்ரில் கர்ப்பத்துலதான் ஆகாது.

ஈசூன்_கதிர்
சனி, மதியம் 12.20

ஆமா, இன்சுலின் நின்னாச்சு. பிள்ளைக்குச் சுகர் நிலையாயிடுச்சு, குழாயும் எடுத்துட்டாங்க. அம்மா நாளைக்கு சாங்கி ஏர்போர்ட் வர்றாங்க. பெட்டி நிறைய பிரசவ லேகியமாம், கருப்பட்டி போட்டுக் கிண்டினது. கருவாடு வேற. அத்தை, இதை எப்படிச் சொல்லித் தடுக்கிறது?

தேக்கா_அத்தை
சனி, மதியம் 12.58

தடுக்காதீங்க, மனசு உடைஞ்சுடும். லேகியத்தை வாங்கி ஃபிரிட்ஜுல வைங்க. நான் சொல்றதை அந்தம்மாகிட்ட அப்படியே சொல்லுங்க, ஒரு கிழவி பேச்சை இன்னொரு கிழவி கேட்பா.

பூண்டை நிறையத் தட்டிப் போட்டு மிளகுக் குழம்பு. புளியைக் குறைச்சு, உப்பு அரைக் கரண்டியோட நிறுத்தணும். பால்சுறா கிடைச்சா புட்டு, தேக்கா ஈரச் சந்தையில காலையில ஏழு மணிக்குள்ள போனா கிடைக்கும். முருங்கைக்கீரைப் பொரியல். பத்தியம்னா இதுதான், இதுல இனிப்பு எங்க இருக்கு? கருவாடு மட்டும் வேணாம், உப்புல ஊறினது. பிரெஷர் உள்ள பிள்ளைக்கு அது விஷம். பார்லியைப் பத்தி நான் இனி வாயே திறக்கல.

தட்டு_தேவி
சனி, மதியம் 1.10

அத்தை, இந்தப் பத்தியத்தை நான் அப்படியே கிளினிக்ல கொடுக்கப் போறேன். கூட ஒரு கப் சோறும் இருக்கட்டும், பால் கொடுக்கிற உடம்பு.

தெம்பனிஸ்_வானதி
ஞாயிறு, காலை 10.05

இழையை முழுசா வாசிச்சேன். எனக்குப் போன தடவை 32 வாரத்துல இதே மாதிரி ஆச்சு. இப்போ மறுபடி 9 வாரம். பயமா இருக்கு. ஏதாவது முன்கூட்டியே செய்ய முடியுமா?

ஓய்வு_ஸ்டெத்
ஞாயிறு, காலை 11.30

முடியும், சரியான நேரத்திலும் கேட்டிருக்கிறீர்கள். 11 முதல் 14 வாரத்துக்குள் தாயின் பிபி, கருப்பைத் தமனியின் டாப்ளர், ரத்தத்தில் நஞ்சுக்கொடி வளர்ச்சிக் காரணி இவற்றைச் சேர்த்துப் பார்க்கும் பரிசோதனை உண்டு. ஆனால் முன்பே வந்தவர் என்பதால் அந்த முடிவு எப்படியிருந்தாலும் நீங்கள் அதிக ஆபத்துப் பிரிவுதான். குறைந்த அளவு ஆஸ்பிரின் பற்றி இந்த வாரமே மருத்துவரிடம் பேசுங்கள். 2017இல் வந்த 'ஆஸ்ப்ரே' ஆய்வில் 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி 36 வாரம் வரை தினம் இரவு 150 மி.கி. எடுத்த அதிக ஆபத்துள்ள பெண்களுக்கு, 37 வாரத்துக்கு முன்பே பிரசவத்தில் முடியும் ப்ரீஎக்ளாம்ப்சியா 62 சதவீதம் குறைந்தது. 16 வாரத்துக்குப் பிறகு தொடங்கினால் இந்தப் பலன் பெரிதாகக் கிடைப்பதில்லை. நீங்களாகக் கடையில் வாங்கித் தொடங்க வேண்டாம், வயிற்றுப்புண், ஒவ்வாமை பார்க்க வேண்டும். போன முறை சுகரும் இருந்திருந்தால் அதையும் 24 வாரம் வரை காத்திராமல் இப்போதே பார்க்கச் சொல்லுங்கள்.

கதிருக்கும் இதிலேயே சொல்லிவிடுகிறேன். பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள் மனைவிக்கு அதே குளுகோஸ் பரிசோதனை மறுபடி வேண்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைவதில் பாதிப் பேர் இதற்கு வருவதில்லை என்பது என் அனுபவம். அது சரியாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை பலதுறை மருந்தகத்திலாவது சுகரும் பிபியும் பாருங்கள். கர்ப்பகால நீரிழிவு வந்தவர்களுக்குப் பின்னாளில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. ப்ரீஎக்ளாம்ப்சியா வந்தவர்களுக்கு இதய நோய் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பு. நாற்பது வயதில் நெஞ்சுவலி என்று போனால் "பிரசவத்தில் பிபி இருந்ததா" என்று யாரும் கேட்க மாட்டார்கள். அவர்களே சொல்ல வேண்டும்.

தெம்பனிஸ்_வானதி
ஞாயிறு, காலை 11.41

நாளைக்கே அப்பாயின்ட்மென்ட் கேட்கிறேன். ரொம்ப நன்றி டாக்டர்.

ஈசூன்_கதிர்
திங்கள், இரவு 9.18

மனைவி வீட்டுக்கு வந்தாச்சு, பிள்ளை இன்னும் அங்கதான், பால் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். தினம் ரெண்டு வேளை பிபி பார்க்கச் சொல்லியிருக்காங்க. முஸ்தஃபால மிஷின் வாங்கப் போறேன், மணிக்கட்டுல கட்டுறது போதுமா?

வார்டு_மல்லிகை
திங்கள், இரவு 9.50

வேணாம்ணா, மேல்கையில கட்டுறதா வாங்குங்க. பட்டை அளவைப் பார்த்து வாங்குங்க, சின்னதா இருந்தா பிபியைக் கூட்டிக் காட்டும். கர்ப்பிணிகளுக்குச் சரிபார்த்த மாடலான்னு பெட்டியில பாருங்க. அஞ்சு நிமிஷம் சாய்ஞ்சு உக்கார வச்சு, கால் மேல கால் போடாம, கை நெஞ்சு மட்டத்துல இருக்கணும். பால் பிழிஞ்ச உடனே பார்க்காதீங்க. 150/100 தாண்டினா அன்னிக்கே வார்டுக்குப் போன் பண்ணுங்க, 160/110 தொட்டா போன் பண்ணாம கிளம்பி வாங்க. அடுத்த செக்கப்புக்கு மிஷினையும் எடுத்துட்டு வந்தீங்கன்னா எங்களோடதுக்குப் பக்கத்துல வச்சு ஒத்துப் பார்த்துடலாம்.